செவ்வாய், இல்லாவிட்டால் வியாழன்

இரவு இரண்டு நாற்பதுக்கு
பதினான்காம் அறையின் கட்டிலடிப் பாய்
என் இடுப்புக் கருவியில் கீச்சிடும்.
அவர் காலை ஊன்றிவிட்டார்.

போய்ப் பார்த்தால்
ஹெர் ஏஷ்லிமான் இரவுச் சட்டையோடு நடைவழியில் நிற்கிறார்,
ஒரு கை சுவர்க் கம்பியில்,
வண்டி வளைவில் திரும்புவதுபோல் முழங்காலைத் தளர்த்தி.
முப்பத்தெட்டு வருடம் ரயிலில் ரிக்கெற் பார்த்தவர்.
மற்றதையெல்லாம் இறக்கிவிட்ட பிறகும்
உடம்பு இதை மட்டும் வைத்திருக்கிறது.

"ரிக்கெற், தயவுசெய்து."

என் பையில் எப்போதும்
சலவைக்கூடத்துத் துணிச்சீட்டுகள் கிடக்கும்,
பெயரும் அறை எண்ணும் அச்சடித்தவை.
ஒன்றை நீட்டுவேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார்.
ஓரத்தில் நகத்தால் ஒரு கிள்ளு.
"ஓல்டனில் மாற வேண்டும்."
மாறுகிறேன் என்பேன்.
ஈரமாகியிருப்பதை அதற்குள் கண்டுவிடுவேன்,
சொல்லமாட்டேன்.
சீருடை மாற்றும் நேரம் என்றால் வருவார்.

வெந்நீரில் நனைத்த துணி,
தொடை இடுக்குக்குக் களிம்பு,
இடப்பக்கம் திருப்பும்போது
என் தோளைப் பற்றும் அந்தப் பிடி.
பிடியில் இன்னும் முழு மனிதர் இருக்கிறார்.

"செவ்வாய்க்கிழமை ஃப்ரேனி வருவாள்."
நல்லது என்கிறேன்.
காலுறை போட்டு முடிப்பதற்குள்
"வியாழன் வருவாள்."
நல்லது.
ஃப்ரேனி போய்ப் பதின்மூன்று வருடம்.
கோப்பில் இருக்கிறது, இரண்டாம் பக்கம்.

லாங்கென்தாலில் எங்களுக்கு இரண்டு நாள் வகுப்பு வைத்தார்கள்.
திருத்தாதீர்கள்,
நாளும் கிழமையும் கேட்டு மடக்காதீர்கள்,
சொல்லுக்குப் பின்னால் நிற்கிற பயத்தைக் கேளுங்கள்
என்று படிப்பித்த பெண்
பலகையில் சிவப்புக் கோடு போட்டாள்.
நான் கொப்பியில் எழுதினேன்.
எழுத எழுதக் கழுத்து வேர்த்தது.

தொண்ணூற்றொன்று, பேர்ண்.
மேசைக்கு அந்தப் பக்கம் ஒருவர்,
தட்டச்சுக்கு ஒருத்தி,
என் தமிழை வாங்கி வேறொன்றாய்க் கொடுக்க ஒருவர்.
தம்பியைப் பிடித்துக்கொண்டு போனது எந்தக் கிழமை?
செவ்வாய் என்றேன்.
நாலு மாதம் கழித்துத் திரும்பக் கேட்டார்கள்.
வியாழன் என்றேன்.
அன்று எங்கள் வீட்டில் கிழமை இருக்கவில்லை,
ஒரு செருப்பு இருந்தது, வலது கால்.
அதை யாரும் கேட்கவில்லை.
முன்னுக்குப் பின் முரண்,
ஆகவே நம்பத்தக்கதல்ல.
அந்தக் கடிதம் பிளாஸ்டிக் உறையில் இன்னும் இருக்கிறது.
பிறகு வேறொரு சட்டத்தால் இருக்கச் சொன்னார்கள்,
அது வேறு கதை.

ஏஷ்லிமானுக்கு இதில் ஒன்றுமில்லை.
அந்த வருடம் அவர் பீல் வண்டியில்
யாருக்கோ சில்லறை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருந்திருப்பார்.
இருந்தும் சில இரவுகளில்
நாக்கு நுனி வரைக்கும் வந்து நிற்கிறது.
நேற்று வந்தே விட்டது:
செவ்வாயா, வியாழனா,
ஒன்றைச் சொல்லுங்கோ.

அவர் என்னைப் பார்த்தார்.
பல் கழற்றிய வாய் திறந்து மூடியது.
கை போர்வையில் எதையோ தேடத் தொடங்கியது,
சட்டைப்பை இருக்கவேண்டிய இடத்தில்,
அதற்குக் கீழே, திரும்பவும் மேலே.
தன்னுடைய ரிக்கெற்றைத் தேடுகிறார் என்று
எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

துணிச்சீட்டு ஒன்றை அந்த உள்ளங்கையில் வைத்து மூடினேன்.
"இருக்கிறது, செல்லும்."
"எந்த நாளுக்கு?"
"வருடச் சீட்டு, ஐயா.
கிழமை பார்க்கத் தேவையில்லை."

நம்பினாரோ தெரியாது.
கையை விடவில்லை, என் கையையும் சேர்த்து.
ஒன்பதாம் அறை மணி அடித்து ஓய்ந்து
திரும்ப அடித்தது.

ஆறு மணி அறிக்கை.
காலம் பற்றிய தெளிவு: ஆம், இல்லை.
கட்டத்தின் மேல் பேனை நின்றது.
இல்லை என்றுதான் போட்டேன்.

வீட்டுக்குப் போகும் வண்டி, கண்ணாடி முழுக்க மூடுபனி.
பரிசோதகர் சின்னப் பெடியன், காதில் வளையம்.
என் மரத்த விரல்
பையில் முதலில் அகப்பட்டதை எடுத்து நீட்டியது.
அவன் வாங்கி, திருப்பி,
மெல்ல வாசித்தான்:
"ஏஷ்லிமான், பதினான்கு?"